ஜோதிடர் வீட்டுக் கூரை

"ஜோசியர்தான் முதல் பாகத்துலயே எல்லாத்தையும் சொல்லிட்டாரேப்பா, அப்புறம் எதுக்கு இன்னும் நாலு பாகம்?"

கோடை விடுமுறைக்கு ஊருக்கு, அதாவது திண்ணனூர் நாட்டுக்கு, போயிருந்தபோது என் மகள் கேட்டது இது. மணிரத்னம் எடுத்த இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு 'பொன்னியின் செல்வன்' படிக்க ஆரம்பித்தவள். முதல் பாகத்தில் குடந்தை ஜோதிடர் வரும் இடத்தைத் தாண்டியதும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. முப்பது வருஷமாக இந்தக் கதையை நான்கு தடவையாவது படித்திருப்பேன், நண்பர்களோடு மணிக்கணக்கில் சண்டை போட்டிருப்பேன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்றுதான் எப்போதும் சண்டை. ஜோதிடரைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அதனால் இந்த முறை வேறு மாதிரி படித்தேன். முதல் மூன்று பாகங்களையும் சும்மா புரட்டி, யார் எங்கே என்ன ஆரூடம் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். பிறகு 'மணிமகுடம்', 'தியாக சிகரம்' என்ற கடைசி இரண்டு பாகங்களை மட்டும் வரிவரியாகப் படித்தேன். பழக்க தோஷம், ஒரு ஸ்பிரெட்ஷீட்டும் போட்டேன். ஒரு பத்தியில் ஆரூடம், அடுத்ததில் அது பலித்த இடம், மூன்றாவதில் அதற்கு ஆதாரமாகக் கல்வெட்டோ செப்பேடோ உண்டா என்று. மூன்றாவது பத்தியை ஒரு பேச்சுக்குத்தான் சேர்த்தேன். கடைசியில் விஷயமே அதில்தான் இருந்தது.

கதையைப் படித்து ரொம்ப நாளானவர்களுக்காக ஒரு சின்ன நினைவூட்டல். கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்த தொடர்கதை. சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கிறார். வானத்தில் வால் நட்சத்திரம் தோன்றியிருக்கிறது. அரச குலத்தில் ஒரு உயிர் போகப்போகிறது என்று நாடே பேசிக்கொள்கிறது. குந்தவை தன் தோழி வானதியைக் கூட்டிக்கொண்டு குடந்தை ஜோதிடரிடம் போகிறாள். கொஞ்ச நேரத்தில் வந்தியத்தேவனும் அங்கே வந்து சேருகிறான்.

அந்த ஒரே வீட்டில் என் பட்டியலின் முதல் மூன்று வரிகள் நிரம்பிவிட்டன.

ஒன்று: வானதியின் வயிற்றில் பிறக்கும் பிள்ளை பெரிய சக்கரவர்த்தி ஆவான், அவன் போகுமிடமெல்லாம் புலிக்கொடி பறக்கும். வாசகருக்கு உடனே தெரிந்துவிடும், இது ராஜேந்திர சோழன். கங்கை வரை படை அனுப்பியதும், 1025இல் கடல் கடந்து கடாரம் வென்றதும் அவனுடைய மெய்க்கீர்த்தியிலேயே இருக்கிற செய்திகள்.

இரண்டு: குந்தவைக்கு வரப்போகும் கணவனைப் பற்றிப் பேச்சு எழும்போதே வந்தியத்தேவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறான். ஜோதிடர் வாயால் சொல்வதைவிட அந்த நுழைவே பெரிய ஆரூடம். இதற்கும் ஆதாரம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் அக்காள் குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்றே குறிக்கிறது.

மூன்று: அருள்மொழிவர்மன். ஜோதிடர் அவனைத் துருவ நட்சத்திரத்தோடு ஒப்பிடுகிறார். அவன் உள்ளங்கையில் சங்கு சக்கர ரேகை இருப்பதாகக் கதை முழுக்கப் பேச்சு வருகிறது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இதே அடையாளங்களைப் பேசுகிறது. அவன் உடம்பில் இருந்த குறிகளைப் பார்த்துத் திருமாலே வந்து பிறந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினார்கள் என்கிறது.

இப்போது கவனியுங்கள். மூன்று ஆரூடமும் பலிக்கிறது. மூன்றுக்கும் கல்வெட்டோ செப்பேடோ இருக்கிறது. அதாவது குடந்தை ஜோதிடர் நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. அவர் நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவப் பண்டாரத்தாரையும் படித்திருக்கிறார். சோழர் வரலாற்றின் முக்கியப் புத்தகங்கள் இரண்டும் 1950க்கு முன்பே அச்சில் வந்துவிட்டன. கல்வெட்டில் 'நடந்தது' என்று இருப்பதைக் கல்கி ஜோதிடர் வாயில் 'நடக்கும்' என்று மாற்றி வைத்திருக்கிறார். காலம்தான் மாறியிருக்கிறது, தகவல் மாறவில்லை.

இதைத் தில்லுமுல்லு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் செப்பேடே இப்படித்தான் வேலை செய்கிறது. ராஜராஜன் ஜெயித்து, ஆண்டு, போய்ச் சேர்ந்தபிறகு, அவன் மகன் காலத்தில் உட்கார்ந்து, 'பிறக்கும்போதே கையில் குறி இருந்தது' என்று எழுதுகிறார்கள். தோற்றுப்போனவன் கையில் சங்கு சக்கரம் இருந்ததாக எந்தச் செப்பேடாவது சொல்லியிருக்கிறதா? ஜெயித்தபிறகுதான் ரேகை தெரியும்.

கல்கியே இதற்கு முன்னால் ஒரு தடவை இதைச் செய்திருக்கிறார். 1940களின் தொடக்கத்தில் எழுதிய 'பார்த்திபன் கனவு'. எங்க மலைக்காரங்களுக்கு அந்த நாவல்மேல் தனிப் பிரியம், கதை கொல்லிமலைச் சாரலுக்கு வரும். ஒற்றைக்கைக் கபாலிகர், குகை, அருவி எல்லாம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு எந்த அருவிக்குப் பின்னால் குகை இருக்கிறது என்று தேடின கோஷ்டியில் நானும் ஒருத்தன். அதில் பார்த்திப சோழன் காணும் கனவு, சோழர் கொடி கடல் கடந்து பறக்க வேண்டும் என்பது. மகன் விக்கிரமன் காலத்தில் அது நடக்கவில்லை. சுமார் 300 வருஷம் கழித்து ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில் நடந்தது என்று சொல்லித்தான் கல்கி கதையை முடிக்கிறார். கனவு கண்டவனும் பார்க்கவில்லை, யாருக்காகக் கண்டானோ அவனும் பார்க்கவில்லை. ஆனாலும் 'பலித்தது' என்று கணக்கு எழுதியாகிறது. ஆரூடத்துக்குக் கெடு தேதி கிடையாது என்பதுதான் அதன் பெரிய வசதி.

சரி, மகள் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில் இதுதான்: ஜோதிடர் சொன்னது சரித்திரப் பாடப் புத்தகத்தில் இருப்பது. ராஜராஜன் ராஜாவாவான் என்பது 1950இல் தொடரைப் படித்தவருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள யாரும் நாலு வருஷம் வாராவாரம் காத்திருக்கவில்லை. அப்படியானால் எதற்குக் காத்திருந்தார்கள்?

அதற்குப் பதில் என் பட்டியலின் நான்காவது வரியில் இருக்கிறது. வால் நட்சத்திரம். அதற்கு மட்டும் மூன்றாவது பத்தி காலி.

கரிகாலன் கொலை நடந்தது 970ஐ ஒட்டி என்பது பொதுவான கணக்கு. ஹாலி வால் நட்சத்திரம் 912இலும் 989இலும் வந்தது. அதாவது கதை நடக்கிற சமயத்தில் ஹாலி வெகுதூரத்தில் இருந்திருக்கும். கல்வெட்டும் எதுவும் சொல்லவில்லை. ஆக வானத்தில் அதை மாட்டிவிட்டவர் கல்கிதான். ஆதாரம் இருக்கிற ஆரூடம் மூன்றும் ஆளைச் சுட்டிச் சொல்கின்றன: வானதியின் மகன், குந்தவையின் கணவன், அருள்மொழி. ஆதாரம் இல்லாத வால் நட்சத்திரம் மட்டும் ஆளைச் சொல்லவில்லை. 'அரச குலத்தில் ஒரு உயிர்' என்பதோடு சரி. புரோகிராம் எழுதுகிறவர்கள் மொழியில் சொன்னால் மற்றதெல்லாம் மதிப்பு நிரப்பப்பட்ட மாறிலிகள். இது மட்டும் காலி இடம் விட்ட மாறி. கடைசி இரண்டு பாகங்கள் முழுக்க அந்தக் காலி இடத்தில் யார் பெயர் விழப்போகிறது என்பதுதான்.

இந்த உத்தி கல்கிக்கு மட்டும் சொந்தமில்லை. ஜார்ஜ் மார்ட்டின் தன் கற்பனை நாவல் வரிசையின் இரண்டாம் பாகத்தை (1998) ஒரு சிவப்பு வால் நட்சத்திரத்தோடுதான் தொடங்குகிறார். ஒவ்வொருவரும் அதைத் தன் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கு அது தன் ராஜாவின் புகழ், இன்னொருவருக்குப் பழிக்குப் பழி, வேறொருத்திக்கு அது போகவேண்டிய வழி. நிஜ வாழ்க்கையிலும் 1066இல் வந்த ஹாலி, இங்கிலாந்து மன்னன் ஹாரால்டுக்குக் கெட்ட சகுனம். அவனைத் தோற்கடித்த வில்லியமுக்கு அதுவே நல்ல சகுனம். வானத்தில் ஒரே வால்தான். கீழே எத்தனை பேர் அண்ணாந்து பார்க்கிறார்களோ அத்தனை அர்த்தம்.

ஆனால் கல்கியிடம் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சோழ நாட்டில் எல்லோரும் அதற்கு ஒரே அர்த்தம்தான் எடுக்கிறார்கள்: சுந்தர சோழர் போகப்போகிறார். அந்த நம்பிக்கை சும்மா இருக்கவில்லை, வேலை செய்ய ஆரம்பிக்கிறது. ராஜா எப்படியும் போய்விடுவார் என்று நினைப்பவர்கள்தானே அடுத்த ராஜா யார் என்று நள்ளிரவில் கூடிப் பேசுவார்கள்? கடம்பூர் மாளிகையில் நடக்கிற சதியாலோசனையில் வால் நட்சத்திரமும் ஒரு உறுப்பினர். ராஜாவின் நோயைவிட அந்த நோயைப் பற்றிய ஆரூடம்தான் ராஜ்ஜியத்தை அதிகம் ஆட்டிவைக்கிறது.

இனி 'தியாக சிகரம்'. சதிகாரர்கள் மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் குறி வைக்கிறார்கள். தஞ்சையில் சுந்தர சோழர், கடம்பூரில் ஆதித்த கரிகாலன், வழியில் அருள்மொழி. வால் நட்சத்திரம் விட்ட காலி இடத்துக்கு மூன்று பெயர் தயார்.

தஞ்சையில் என்ன நடக்கிறது? சுந்தர சோழரைக் குறிவைத்து வேல் வருகிறது. நாடே எதிர்பார்த்த மரணம் அது. மந்தாகினி குறுக்கே பாய்ந்து அதைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறாள்.

இந்த இடத்தைப் பலமுறை படித்திருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். இந்த முறைதான் ஒன்று உறைத்தது. மந்தாகினி ஊமை மட்டுமில்லை, காதும் கேட்காதவள். ஊரெல்லாம் ராஜா சாகப்போகிறார் என்று பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழவே வழியில்லை. ஆரூடத்தைக் கேட்ட அத்தனை பேரும், அது நடந்த மாதிரியே நடந்துகொண்டார்கள். பயந்தார்கள், அழுதார்கள், சதி செய்தார்கள். கேட்காத ஒருத்திதான் வேலைப் பார்த்தாள், குறுக்கே போனாள். விதி என்று தெரியாததால் அதை மாற்றிவிட்டாள். கல்கி இதைத் திட்டமிட்டாரா என்று எனக்குக் கவலையில்லை. பிரதியில் இருக்கிறது, அது போதும்.

கடம்பூரில் இதற்கு நேர் எதிர். கரிகாலனுக்கு யாரும் ஆரூடம் சொல்லவில்லை, எச்சரிக்கைதான் சொன்னார்கள். தாத்தா மலையமான் போகாதே என்கிறார். தங்கை குந்தவை வந்தியத்தேவனைத் தூது அனுப்பித் தடுக்கப் பார்க்கிறாள். வந்தியத்தேவன் தன்னால் ஆன மட்டும் சொல்கிறான். அவன் போகிறான், சாகிறான். அந்த இரவோடு வால் நட்சத்திரமும் மறைகிறது.

ஆரூடத்துக்கும் எச்சரிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் துலங்குகிறது. இரண்டுமே நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றின பேச்சுதான். ஆனால் ஆரூடம் பலித்தால் சொன்னவருக்கு வெற்றி. எச்சரிக்கை பலித்தால் சொன்னவருக்குத் தோல்வி. என் தொழிலில் சர்வர் நிரம்பப்போகிறது என்று இரவு இரண்டு மணிக்கு ஒரு அலாரம் வரும். யாராவது எழுந்து இடத்தைக் காலி செய்வார்கள், சர்வர் விழாது. காலையில் "அலாரம் பொய்யாப் போச்சே" என்று யாரும் சொல்வதில்லை. பொய்யாவதற்காகத்தான் அது அடித்ததே. குந்தவை அனுப்பியது அந்த மாதிரி அலாரம். கரிகாலனோ அதை ஆரூடமாகக் கேட்டான். 'விதி கூப்பிடுகிறது, போய்த்தான் பார்ப்போமே' என்கிற ஆளாகத்தான் கடைசி இரண்டு பாகங்களிலும் அவன் நடந்துகொள்கிறான். நெஞ்சில் வீரபாண்டியன் தலை, நந்தினியின் முகம், பழைய குற்றவுணர்வு எல்லாம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பேர் வழியை மறித்து நின்றும் அவன் குதிரையைத் திருப்பவில்லை.

"வால் நட்சத்திரம் கேட்டது, கரிகாலன் போனான். கல்கி விதியை நம்பினார்" என்று வாதம் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவருக்கு என் பதில், கொலைக்கு அப்புறம் வரும் பக்கங்கள். விதிதான் கொன்றது என்றால் எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கலாமே? வானத்தைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கலாமே? நடப்பதோ வேறு. வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர், என் கத்திதான் பட்டது என்று சொல்லித் தன்னையே குத்திக்கொண்டு சாகிறார். நம் ஊரில் ஒரு தப்பு நடந்தால் நான் இல்லை நீ என்றுதான் சண்டை வரும். இங்கே நான் நான் என்று போட்டி. உண்மையில் யார் என்று கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷமாக நானும் நண்பர்களும் 'யார்' என்று துப்பறிந்தோம். கொலையாளி பெயரை மறைத்து வைத்ததால், அந்தப் பொறுப்பைக் கையில் எடுக்கும் மனிதர்களைக் கல்கியால் காட்ட முடிந்திருக்கிறது. வானம் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய பழியை மனிதர்கள் கீழே இறக்கிக்கொள்கிறார்கள்.

கல்வெட்டு என்ன சொல்கிறது? காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயரைச் சொல்லி, அவர்கள் சொந்தபந்தங்களின் நிலத்தைப் பறிக்கச் சொல்கிற ஆணை. நாவலின் முதல் காட்சியில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி இருப்பதும் அதே வட்டாரம்தான். அந்த ஆணைக்கும் வால் நட்சத்திரத்தோடு சம்பந்தமில்லை. விதிமேல் வழக்குப் போட முடியாது என்று அந்தக் காலத்து அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் 'கல்வெட்டில் இருந்தால் மாறாது' என்ற என் சூத்திரம் ரொம்ப இறுக்கமாகத் தெரியும். கரிகாலனுக்குப் பிறகு உத்தம சோழன் என்கிற மதுராந்தகன் ஆண்டான், அப்புறம் 985இல் ராஜராஜன் வந்தான். இது சரித்திரம், கல்கி தொடமுடியாது. அருள்மொழி கிரீடத்தை விட்டுக்கொடுத்தான் என்பதும் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலேயே இருக்கிறது. ஆனால் கல்கி என்ன செய்தார்? நாலு பாகமாக நாம் மதுராந்தகன் என்று நம்பின ஆளை ஓரமாக நகர்த்திவிட்டு, சிவன் கோயிலுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கொண்டுவந்து நிறுத்தினார். கல்வெட்டில் இருக்கிற பெயர் அப்படியே இருக்கிறது. பெயருக்குள் இருக்கும் ஆள் மாறிவிட்டான். நிரப்பப்பட்ட மாறிலி என்று நான் நினைத்ததற்குள்ளேயும் இவ்வளவு இடம் இருந்திருக்கிறது.

வானதியும் இப்படித்தான் ஒரு சந்து கண்டுபிடிக்கிறாள். சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இளவரசரைச் சுற்றுகிறாய் என்று பூங்குழலி சீண்ட, சோழ சிம்மாசனத்தில் உட்காரவே மாட்டேன் என்று சபதம் போடுகிறாள். ஜோதிடர் சொன்னது அவள் மகனைப் பற்றி, அவளைப் பற்றி இல்லை. சக்கரவர்த்தி பிறப்பதையும் தடுக்காமல், தானும் பேராசைக்காரி என்ற பேர் வாங்காமல், ஆரூடத்துக்கும் சபதத்துக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடத்தை உண்டாக்கிக்கொள்கிறாள். மயக்கம் போட்டு விழுகிற பெண் என்று அவளைக் கிண்டல் செய்பவர்கள் கடைசி பாகத்தைத் திரும்பப் படிக்கவேண்டும்.

அதே கடைசி பாகத்தில்தான் எனக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போன காட்சியும் இருக்கிறது. வெள்ளம் வருகிறது. குடந்தை ஜோதிடர் வீட்டையே அடித்துக்கொண்டு போகிறது. ராஜேந்திர சோழனுக்குத் தாயாகப்போகிறவள் அந்த வீட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கிறாள். ஐம்பது அறுபது வருஷம் கழித்துக் கடாரம் ஜெயிக்கப்போவதைப் பார்த்த மனிதருக்குத் தன் கூரை மிதக்கப்போவது தெரியவில்லை. வானதியைக் காப்பாற்றுவது ஜாதகமும் இல்லை. தண்ணீரும் படகும் பழக்கமான பூங்குழலிதான் வந்து காப்பாற்றுகிறாள். வானதி பிழைத்தே தீரவேண்டும், இல்லாவிட்டால் ஜோதிடர் பொய்யராகிவிடுவார். ஆனால் அவள் பிழைப்பதற்கு யாரோ ஒருத்தி நீச்சல் கற்றிருக்கவேண்டும்.

இந்த வரியில் வந்துதான் நான் புத்தகத்தை மூடிவைத்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. எனக்கு நாலு வயசு இருக்கும்போது ஊரில் ஒருத்தர் அம்மாவுக்குக் குறி சொல்லியிருக்கிறார்: "இந்தப் பையனுக்குத் தண்ணியில கண்டம்." அவ்வளவுதான், அதற்கப்புறம் ஓடைப்பக்கம் போனால் அடி. மழைக்காலத்தில் மலை முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஊர் எங்களுடையது. ஆகாய கங்கையில் விழுகிற ஐயாறு, புளியஞ்சோலை வழியாக இறங்கிக் காவிரிக்குப் போய்ச் சேருகிறது. கூட்டாளிகள் எல்லோரும் குட்டையில் குதித்து நீச்சல் பழகினார்கள், நான் கரையில் உட்கார்ந்து அவர்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். நாற்பது தாண்டியும் நல்லபடியாக இருக்கிறேன். "பார்த்தியா, தள்ளி இருந்ததாலதான்" என்பது அம்மா கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்க முடியாது. ஆனால் தண்ணீரில் கண்டம் இருக்கிற பிள்ளைக்குத்தானே முதலில் நீச்சல் கற்றுக்கொடுத்திருக்கவேண்டும்? குறியை எச்சரிக்கை என்று எடுத்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம். ஆரூடம் என்று எடுத்ததால், நான் வழுக்கி விழுந்தால் நிச்சயம் மூழ்கும்படி கவனமாக வளர்க்கப்பட்டேன்.

காவிரியில் விழுந்த குழந்தைதானே அருள்மொழி? ஒரு பெண் தூக்கிக் காப்பாற்றியதால்தான் பொன்னியின் செல்வன் என்ற பெயரே. அரண்மனையில் 'இந்தப் பையனுக்குத் தண்ணீரில் கண்டம்' என்று முடிவு கட்டி அவனைத் தண்ணீர்ப்பக்கமே விடாமல் வைத்திருந்தால்? இரண்டாம் பாகத்துப் புயலில் வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கடலில் இறங்க ஆளிருந்திருக்காது.

எங்க கொல்லிமலை ஓரியையும் பறம்புமலைப் பாரியையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் கடையெழு வள்ளல்கள் என்று எண்ணுவது வழக்கம். பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு. சனி புகைந்தாலும், தூமகேது தோன்றினாலும் அங்கே மழை பொய்க்காது, விளைச்சல் குறையாது, ஏனென்றால் ஆள்கிறவன் சரியாக இருக்கிறான் என்பது அதன் சாரம். வால் நட்சத்திரம் வரவே வராது என்று கபிலர் சொல்லவில்லை. வரட்டும், கீழே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார் என்கிறார். கல்கியின் கடைசி இரண்டு பாகங்களும் இதைத்தான் சொல்கின்றன என்பது என் வாசிப்பு.

மகளுக்கு இந்தப் பதிலைச் சுருக்கமாகச் சொன்னேன். "ஜோசியர் என்ன நடக்கும்னு மட்டும்தான் சொன்னாரு. யார் குறுக்க பாய்வாங்க, யார் படகு எடுத்துட்டு வருவாங்கன்னு சொல்லல. அதுக்குத்தான் நாலு பாகம்."

"அப்போ எனக்கு நீச்சல் கிளாஸ்?" என்றாள்.

அந்த விண்ணப்பம் மூன்று மாதமாக என் மேசையில் கிடந்தது. 'அப்பனுக்கே தண்ணியில கண்டம், புள்ளைக்கு எதுக்கு நீச்சல்' என்று அம்மா ஒரு தடவை சொன்னதால் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன். போன வாரம் போட்டேன். பெரியவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தனி வகுப்பு உண்டாம். இரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.